கோச் சொன்னால் போதுமா?
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை: வாசகர் கேள்வி, நமது பதில்

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். அமெரிக்காவில் முப்பது கோச்களுக்கு மெயில் அனுப்பினோம். ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு இடங்களிலிருந்து கோடை முகாம் விளம்பரம் மட்டும் வந்தது. அவள் ஆட்டம் தேறாது என்று அர்த்தமா?
— ஒரு தாய், மதுரை

இல்லை அம்மா. பதில் எழுதக் கூடாது என்று விதியே அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அது கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது; 1 தான் மேல்மட்டம். அதன் டிவிஷன் 1 டென்னிஸ் கோச், மாணவி பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை அவளை அணிக்கு அழைக்கும் விதமாக மெயிலோ குறுஞ்செய்தியோ அனுப்பக் கூடாது, போனிலும் பேசக் கூடாது. முகாம் விளம்பரமும் விவரப் படிவமும் அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனால் உங்கள் மெயிலைப் படிக்க அவர்களுக்குத் தடையில்லை. டிவிஷன் 3 கோச்கள் இப்போதே பதில் எழுதலாம்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கமாக எழுதுங்கள். பள்ளி முடிக்கும் ஆண்டு, மதிப்பெண், யூடிஆர் புள்ளி (டென்னிஸ் தரமதிப்பீடு), ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் ஆட்டங்களின் முடிவுகள் இருந்தால் போதும். கூடவே ஒரு வீடியோ. பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியது வேண்டாம். ஒரு முழு செட், தோற்ற பாயின்ட்களோடு. கேமரா கோர்ட்டின் பின்பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். பாயின்ட் போனபின் அவள் எப்படி நடந்துபோய் அடுத்த சர்வுக்கு நிற்கிறாள் என்பதையும் கோச் பார்ப்பார்.

டிவிஷன் 1 கோச் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து “ஃபுல் ஸ்காலர்ஷிப் தருகிறோம்” என்று என் மகனிடம் சொன்னார். மற்ற கல்லூரிகளுக்கு வேண்டாம் என்று எழுதிவிடலாமா?
— ஒரு தந்தை, கோவை

தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கோச் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வாய்வார்த்தை கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கோச் வேறு வேலைக்குப் போய்விட்டால், வருகிறவருக்கு உங்கள் மகன் யாரென்றே தெரியாமல் போகலாம். முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்றொரு ஒப்பந்தம் இருந்தது. 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் இருக்க வேண்டியது, கல்லூரி கையெழுத்திட்ட விளையாட்டு நிதியுதவி ஒப்பந்தம். அதில் மூன்றைப் பாருங்கள்: எத்தனை டாலர், எந்தெந்தச் செலவுக்கு, எத்தனை ஆண்டுக்கு.

டென்னிஸில் “ஃபுல்” என்ற சொல்லை ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறோம்? 2025 ஜூன் வரை டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ் அணிக்கு மொத்தமே 4.5 முழு உதவித்தொகை அளவுக்கான பணம்தான். எட்டு, பத்துப் பேருக்கு அதைப் பிரிப்பார்கள். ஒருவருக்கு 60 சதவீதம், இன்னொருவருக்கு 25. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூன் 6-ஆம் தேதி நீதிமன்றம் சமரசத்தை ஏற்றபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. டென்னிஸுக்கு அது 10. பத்துப் பேருக்கும் முழுப்பணம் தர அனுமதி உண்டு, கட்டாயமில்லை. நிதி குறைவான கல்லூரி முன்போலவே பிரித்துத்தான் தரும். சமரசத்தில் சேராத கல்லூரிகளுக்குப் பழைய கணக்கேதான்.

உண்மையான முழு உதவித்தொகை என்றால் கல்விக் கட்டணம், இதர கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம், அதற்குமேல் சில்லறைச் செலவுக்கான தொகையும் சேரும். மருத்துவக் காப்பீடும் கோடைக்கால வகுப்பும் சேருமா என்று தனியாகக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், விமான டிக்கெட் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் என்று கணக்குப் போடுங்கள். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வந்ததும் அதிலுள்ள நிதி விவரம் ஒப்பந்தத் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் விசா நேர்காணலுக்கு முன்பே திருத்தி வாங்குங்கள்.

இன்னொன்றைப் பலர் முதல் செமஸ்டரில்தான் அறிகிறார்கள்: வரி. கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பணத்துக்கு உண்டு. எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவரிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். அந்தப் பங்கு 16,000 டாலர் என்றால் பிடித்தம் 2,240. ஆனால் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவின்படி, இந்தியாவிலிருந்து படிக்கப் போன மாணவர் அமெரிக்கர்போல நிலையான கழிவு (வருமானத்தில் வரியில்லாமல் விடும் பகுதி) கோரலாம். 2024-க்கு அது 14,600 டாலர். மிச்சம் 1,400-க்குப் பத்து சதவீதம், 140 டாலர்தான் வரி. வேறு வருமானம் இல்லையென்றால் 2,100 டாலர் திரும்ப வரும். பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் படிவத்தைப் பத்திரப்படுத்தி, 1040-என்ஆர் என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடும்.

காயம்பட்டால் நிறுத்திவிடுவார்களா?
— அதே வாசகர்

டிவிஷன் 1-இல் 2024 ஆகஸ்ட் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, காயத்தையோ ஆட்டத் திறனையோ காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. டிவிஷன் 2-இல் ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் விடலாம். அப்படி விட்டால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் மேல்முறையீடு செய்ய மாணவருக்கு உரிமை உண்டு. அவராகவே, வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தால் கல்லூரி அந்தப் பருவத்தோடு பணத்தை நிறுத்தலாம். கோபத்தில் பெயர் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு.

பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத காமர்ஸ் குரூப் எடுத்தால், பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்கிறான் மகன். சரியா?
— ஒரு வாசகி, திருச்சி

சரியில்லை. சேர்க்கை நாளுக்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறோம். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்சிஏஏ ஏற்கும் 16 மையப் பாடங்கள் வேண்டும். ஓராண்டு படித்த பாடம் ஒன்று. டிவிஷன் 1-க்கு ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இம்மூன்றில் ஏதாவது ஒன்று கூடுதலாக, சமூக அறிவியல் 2, மற்றவை 4. அதாவது ஆங்கிலம், கணிதம், அறிவியலில் மட்டும் பத்து. கணிதமில்லாத காமர்ஸில் ஆங்கிலம் 4, ஒன்பது–பத்தில் படித்த கணிதம் 2, அறிவியல் 2, ஆக எட்டுதான். இரண்டு குறைகிறது. டிவிஷன் 1-க்கு, பள்ளி முடித்தபின் ஓராண்டுக்குள் ஒரே ஒரு பாடத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் ஒன்று குறையும். டிவிஷன் 2-இல் பங்கீடு சற்று வேறு, ஆனால் இந்தப் பத்து மாறாது.

கணிதத்தோடு உள்ள காமர்ஸ் குரூப் எடுத்தால் பத்து சரியாக நிறையும். கணக்குப்பதிவியலை மையப் பாடமாக எண்ணி ஏமாறாதீர்கள். மையப் பாடங்களின் சராசரி, 4-க்கு, டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ 2023-இல் கைவிட்டது. கல்லூரி தன் சேர்க்கைக்குக் கேட்டால் எழுத வேண்டும்.

ஸ்குவாஷுக்கு ஹார்வர்டில் ஸ்காலர்ஷிப் உண்டா?
— ஒரு தந்தை, சென்னை

விளையாட்டுக்கென்று இல்லை. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எந்த விளையாட்டுக்கும் உதவித்தொகை தருவதில்லை. டிவிஷன் 3-லும் அப்படியே. கல்லூரி ஸ்குவாஷ் என்சிஏஏவின் கீழ் வருவதும் இல்லை. காலேஜ் ஸ்குவாஷ் அசோசியேஷன் நடத்துகிறது. தமிழ்நாட்டின் ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்; அதுவும் ஐவி லீக்தான்.

அங்கே பணம் குடும்ப வருமானத்தைப் பார்த்து வரும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்று பாராமல் சேர்க்கை முடிவெடுக்கின்றன. வேறு பல கல்லூரிகள் அதைப் பார்க்கும். அங்கே விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காமல் விட்டால் பிறகு கேட்க முடியாமல் போகலாம். அமெரிக்க அரசின் ஃபாஃப்சா (நிதியுதவி விண்ணப்பம்) நமக்கில்லை; பெரும்பாலும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். வருமான வரித் தாக்கல், சம்பளச் சான்று, கடன் விவரம் தயாராக இருக்கட்டும். கோச் ஆர்வம் காட்டினால், விண்ணப்பத்துக்கு முன்பே நிதியுதவி அலுவலகத்திடமிருந்து உத்தேசத் தொகை வாங்கித்தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரு கன்சல்டன்ட், கிடைக்கும் உதவித்தொகையில் பத்து சதவீதம் கேட்கிறார். “கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம்” என்கிறார். நியாயமாகத்தானே இருக்கிறது?
— ஒரு வாசகர், சேலம்

கையெழுத்துப் போடாதீர்கள். உதவித்தொகை வாங்கித்தருவதையோ அதன் அளவையோ பொறுத்துக் கட்டணம் என்றால், என்சிஏஏ விதிப்படி அவர் ஏஜென்ட். ஆடும் தகுதிக்கே அது ஆபத்து. வீடியோ தயாரிக்க, மெயில் அனுப்ப, பட்டியல் போட இவ்வளவு என்று முடிவு எப்படியானாலும் மாறாத கட்டணம் வாங்குவதற்குத் தடையில்லை. ஏற்கெனவே சதவீத ஒப்பந்தம் போட்டிருந்தால், பணம் எதுவும் கைமாறும் முன் ரத்துக் கடிதம் வாங்குங்கள். பிறகு சேரவிருக்கும் கல்லூரியில் என்சிஏஏ விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு இரண்டு தாள்களையும் அனுப்பி, என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.