வெல்டிங் வைத்த குழாயை அறுத்துவிடலாமா?

கேள்வி: வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். என் கார் ஃப்ரண்ட் வீல் டிரைவ், அதாவது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் மேடு ஏறும்போது முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றும். தெரிந்த பட்டறையில் சொல்லி, பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் பீமில் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் வைத்தேன். முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்தோம். வளைவில் பிடிமானம் கூடியது போலத்தான் இருந்தது. போன வாரம் மழையில் ஆழியாறுக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வழுக்கி, எதிரே வந்த பைக்கில் இடித்துவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் அடியில் படம் எடுத்துக்கொண்டு, 'மாடிஃபிகேஷன் செய்த வண்டிக்கு க்ளெய்ம் வராது' என்று சொல்லிவிட்டுப் போனார். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்குள் குழாயை அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். என்ன செய்வது?

பதில்: குழாயைத் தொடாதீர்கள். பட்டறைக்காரரிடம் இன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். விபத்து வழக்கில் உங்கள் கார் ஒரு சாட்சியம். அதிலிருந்து ஒரு பாகத்தை அறுத்தெடுத்தால், சாட்சியத்தை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 238-ஆம் பிரிவில் தனியாக ஒரு குற்றம் சேரும். சர்வேயர் கையில் படம் இருக்கும்போது அறுப்பதால் எந்த லாபமும் இல்லை. இப்போது உங்கள் மேல் இருப்பது கவனக்குறைவுக் குற்றச்சாட்டு மட்டும்தான்: 281-ஆம் பிரிவும், எலும்பு முறிவு என்பதால் 125(பி)-யும் வரலாம். பின்னதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழாயை அறுத்துவிட்டால் அது மறைக்கும் எண்ணமாக மாறும். கவனக்குறைவு என்று வாதாட இடமிருக்கும் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குழாய் உங்களுக்கு எதிரான சாட்சியாக மட்டுமே இருக்கும் என்றும் இல்லை. வண்டிக்கு அடியில் வெல்டிங் முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். உடைந்திருந்தால், உடைந்த முகம் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். பளபளவென்று புதுசாக இருந்தால் விபத்தின் அடியில் உடைந்தது என்று வாதாடலாம். ஒரு பாதியில் துரு ஏறி, மறுபாதி மட்டும் பளிச்சென்று இருந்தால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது. அப்படியானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு வந்து நிற்கும். தெரிந்த குறை மட்டுமல்ல, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு வண்டி ஓட்டுவதும் அதில் குற்றம். அதனால் காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வெல்டிங் உடையாவிட்டால் தப்பித்தோம் என்றும் எண்ணாதீர்கள். உங்கள் காரின் பின் பீம் முறுக்கிக்கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. குழாய் வைத்ததும் அது விறைத்துவிடும். விறைத்தால் வளைவில் உள்பக்க முன்சக்கரத்துக்குப் பாரம் கூடும். உங்களுக்குப் பிடிமானம் கூடியது போலத் தெரிந்தது அதனால்தான். ஆனால் அந்தப் பிடிமானம் பின் சக்கரங்களிடமிருந்து எடுத்ததுதான். ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் வழுக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் இதைத்தான் பேசுவார். டயர் தேய்மானம், ரோட்டில் வழிந்த எண்ணெய், பைக் வந்த பக்கம், எல்லாவற்றையும் நீங்களும் பதிவில் கொண்டுவர வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்து வண்டி விடுவிக்கப்பட்டதும், பட்டறைக்குப் போகும் முன் ஆட்டோமொபைல் இன்ஜினீயர் ஒருவரிடம் காட்டி, படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

மாற்றம் செய்ததே குற்றமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே வாசித்தது. பின் ஆக்சில் குழாய் ஆர்.சி.யில் எந்த விவரத்தை மாற்றுகிறது என்று நாம் கேட்கலாம். அந்த வாதத்துக்குக் கொஞ்சம் உயிர் உண்டு. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்துவதையும் சேர்த்தே பிடிக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். குழாய் ஒன்று, ஸ்பிரிங் ஒன்று என்று இரண்டாக எண்ணுவார்கள். என் மதிப்பில் இது அபராதத்தோடு முடியக்கூடிய விஷயம்.

உங்களை உண்மையில் பயமுறுத்துவது பைக்காரரின் இழப்பீடு என்று நினைக்கிறேன். சர்வேயர் சொன்னது அதற்குப் பொருந்தாது. மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து கம்பெனி விலக எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று அதே சட்டத்தின் 150-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமை, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை அதில் உண்டு. சஸ்பென்ஷனில் வெல்டிங் வைத்தது அந்தப் பட்டியலில் இல்லை. முக்கியமான தகவலை மறைத்து பாலிசி வாங்கியதாகச் சொல்ல மட்டும் வழி உண்டு. எனவே பாலிசி எடுத்த தேதியையும் வெல்டிங் வைத்த தேதியையும் ஒப்பிடுங்கள். பாலிசிக்குப் பிறகுதான் வைத்தீர்கள் என்றால் அந்த வாதமும் நிற்பது கடினம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று இருந்து எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்துவிட்டால், கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும் உத்தரவு வந்தாலும் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது.

உங்கள் காரின் சேதத்துக்கான க்ளெய்ம் வேறு கதை. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கும்; கம்பெனி அதைத்தான் பிடிக்கும். ஆனால் வாய்வார்த்தை நிராகரிப்பு ஆகாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வே அறிக்கையின் நகலும் கேளுங்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழு க்ளெய்மையும் தள்ளாமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. குழாய்க்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று இன்ஜினீயர் அறிக்கை சொன்னால் உங்கள் கை ஓங்கும். தொடர்பு உண்டு என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எழுத்தில் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிப்பவர்) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு ஆண்டு அவகாசம்.

பட்டறைக்காரர் மேல் வழக்குப் போடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். செய்யச் சொன்னது நீங்கள்.

வண்டி கைக்கு வந்ததும், வெல்டிங்கை கிரைண்டரில் தேய்த்து மட்டும் விடாதீர்கள். சூடு கண்ட உலோகம் பழைய பலத்துக்குத் திரும்பாது. பீமையே மாற்றுங்கள், ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. உங்கள் மழைக்கு அது வருவதற்கு வெகு முன்பே மாற்றிவிடுங்கள். டிக்கியில் மணல் மூட்டை போடச் சொல்வார்கள். முன்சக்கர வண்டியில் அது முன்பாரத்தைக் குறைத்து, மேட்டில் இன்னும் வழுக்கவிடும்.

ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் போய்ப் பாருங்கள். மருத்துவச் செலவுக்குக் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். பேச்சுவார்த்தையில் வெள்ளைத் தாளில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவரிடமும் வாங்காதீர்கள்.