கடலின் சூடும் காற்றின் சுழியும்

அன்புள்ள ஐயா,

புயலுக்கு மூலகாரணம் கடலின் வெப்பம் என்று எழுதியிருந்தீர்கள். நான் கேரள எல்லையை ஒட்டிய கொல்லங்கோட்டில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடலில் தாழ்வுப் பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன. கடலும் சூடாகத்தான் இருக்கிறது; ஆனாலும் சிலவே புயலாகின்றன. அப்படியிருக்க, 2017இல் ஒக்கி எப்படி அவ்வளவு விரைவில் புயலானது? அதில் உறவினரை இழந்த வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது புயலுக்குத் தேவையான நிபந்தனை. ஆனால் அது மட்டும் போதாது. அந்த வெப்பத்தை ஓரிடத்தில் தேக்கிவைக்க ஏற்கெனவே காற்றில் ஒரு சுழி, அதாவது ஒரு மையத்தைச் சுற்றும் காற்றோட்டம், இருந்தாக வேண்டும். இந்தப் பகுதிக்கு நம் பாடநூல்கள் போதிய இடம் தருவதில்லை என்பது என் எண்ணம்.

கடலின் வெப்பம் நீராவியோடு மேலேறுகிறது. ஒரு கிலோ நீராவி நீர்த்துளியாகும்போது ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. மாலையில் இடியுடன் பெய்து ஓயும் சாதாரண மழைமேகத்திலும் இது நிகழ்கிறது. ஆனால் சுழற்சி வலுவற்ற காற்றில், மேகம் உண்டாக்கிய அழுத்த வேறுபாடு அலைகளாக நாற்புறமும் பரவி, பல நூறு கிலோமீட்டர் பரப்பில் கரைந்துவிடுகிறது. குளத்தில் ஒரு குடம் நீரை ஊற்றினால் ஊற்றிய இடத்தில் மேடு நிற்பதில்லை அல்லவா? சுழற்சி இந்தப் பரவலைத் தடுக்கிறது. வெப்பம் மையத்தருகே தங்க, காற்றுத்தூண் சூடாகிக் கடல்மட்ட அழுத்தம் குறைகிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று, மையத்தை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்டும் தன் கோண உந்தத்துடன் வருவதால் மேலும் வேகமாகச் சுழன்று, கடலிலிருந்து மேலும் ஈரத்தை அள்ளுகிறது.

சூடான காற்று மேலெழும் வெப்பச்சலனமும் தன் பங்குக்குச் சுழற்சியைப் பெருக்குகிறது. சுழலும் காற்றுக்குள் எழும் இடிமேகம் காற்றைச் செங்குத்தாக நீட்டுவதால், அதன் அடியில் சிறிய, வலுவான சுழி ஒன்று உருவாகிறது. இத்தகைய சுழிகள் பல ஒன்றோடொன்று இணைந்து பெருஞ்சுழியாக வளர்வதை, வானிலை ஆய்வாளர்கள் ஹெண்ட்ரிக்ஸ், மாண்ட்கோமரி முதலியோர் 2004இல் கணினி மாதிரியில் காட்டினார்கள்.

பெரும்பாலான தாழ்வுப் பகுதிகள் இந்த நிலையை எட்டுவதில்லை. நடு உயரத்தில் வறண்ட காற்று புகுந்தால் மழைத்துளிகள் அதில் ஆவியாகி, குளிர்ந்த காற்று கீழிறங்கி, மேகத்தின் ஊற்றையே அடைத்துவிடுகிறது. கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வலுவாக வீசினால் மேகத்தூண் சுழியைவிட்டு விலகிப் போய்விடுகிறது.

குமரிக்கடலுக்கு இன்னொரு தடையும் உண்டு. அது இருக்கும் 8 டிகிரி அட்சரேகையில், காற்றைச் சுழலவைக்கப் புவிச்சுழற்சி தரும் விசை, துருவத்தில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் வடக்கே வாடைக்காற்றும், நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்குக்காற்றும் எதிரெதிராக வீசும் நாட்களில், இடைப்பட்ட காற்றே ஆரம்பச் சுழற்சியைப் பெற்றுவிடுகிறது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே வெறும் 1.4 டிகிரியில் வாமெய் புயல் உருவானதும், வலுவான ஆரம்பச் சுழி இருந்தால் இத்தடையைக் கடக்க முடியும் என்பதற்குச் சான்று.

ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே, தாழ்வுப் பகுதிக்கு அடுத்த வலுவான நிலையான தாழ்வு மண்டலமாகி, மறுநாள் முற்பகலிலேயே குமரிக்கடலில் புயலானது. புயல் என்ற பெயர், காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதுதான் சூட்டப்படுகிறது. சுழி அதற்கு முன்பே உருவாகிவிட்டது. பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரை திரும்ப அந்த ஒரு நாள் போதவில்லை. ஆகவே ‘தாழ்வு மண்டலம்’ என்ற அறிவிப்பையே சுழி உருவாகிவிட்டதன் அறிவிப்பாகக் கொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை செயற்கைக்கோள் படங்களை வகுப்பில் வரிசையாக வைத்து, மேகக்கூட்டம் கலைந்து கலைந்து வேறிடத்தில் எழுகிறதா, ஒரே மையத்தைச் சுற்றித் திரும்பத் திரும்ப எழுகிறதா என்று அவர்களையே பார்க்கச் செய்யுங்கள்.

அன்புடன்.