இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது, டிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். என் கணவருக்கு (44) நுரையீரல் டிபி. சர்க்கரை நோயும் உண்டு. 2 மாதம் மாத்திரை சாப்பிட்டதில் இருமலும் காய்ச்சலும் போய், 4 கிலோ எடை கூடியிருக்கிறது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்றார்கள். "இனி உடம்பே பார்த்துக்கொள்ளும்" என்று மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். எதிர்ப்பு சக்திக்கு என்று மாமியார் ஊரிலிருந்து லேகியம் அனுப்பியிருக்கிறார். இவர் கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறது. அப்படியும் கிருமி எப்படித் தப்பியது? 7 வயது மகளுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது. இன்னும் 4 மாதம், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். டிபி நோயாகவே வந்துவிட்ட பிறகு "உடம்பே பார்த்துக்கொள்ளும்" என்று நம்பி இருக்க முடியாது. கிருமியைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயேதான் அது குடியிருக்கிறது.

நோயாளி இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போகும் கிருமியை நுரையீரலின் காற்றுப்பைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் விழுங்கிவிடும். பெரும்பாலான வேறு கிருமிகளுக்கு அதோடு கதை முடிந்துவிடும். விழுங்கிய கிருமி ஒரு சிறு பைக்குள் இருக்கும். செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு இணையும், உள்ளே அமிலம் ஏறும், கிருமி கரைந்துபோகும்.

டிபி கிருமி இந்த இணைப்பையே நடக்கவிடுவதில்லை. லைசோசோமை வரவழைக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறு பையின் சுவரில் சேர வேண்டும். கிருமியின் மேலுறையில் உள்ள லைப்போஅராபினோமன்னன் அது சேராமல் தடுக்கிறது. தப்பிச் சேர்ந்ததையும் கிருமி சுரக்கும் சாப்-எம் என்ற நொதி சிதைக்கிறது. அமிலத்தை உள்ளே தள்ளும் பம்ப் பைக்கு வந்து சேராமல் இன்னொரு புரதம் பார்த்துக்கொள்கிறது. அமில அளவைக் காட்டும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்; 5-க்குக் கீழே இறங்க வேண்டிய பை, 6.2-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. அந்த அளவு அமிலத்தில் கிருமி சௌகரியமாக வாழும்.

செல் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாய்ச்சினால், கேட்-ஜி என்ற நொதியால் கிருமி அதை உடைத்துவிடுகிறது. உங்கள் கணவர் சாப்பிடும் ஐசோனியசிட் மருந்தை வேலை செய்ய வைப்பதும் இதே கேட்-ஜிதான். கிருமி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நொதியே மருந்தை விஷமாக்கி அதைக் கொல்கிறது. கேட்-ஜி பழுதான கிருமிகளிடம் இந்த மருந்து எடுபடாது.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். டிபி கிருமி இஎஸ்எக்ஸ்-1 என்ற அமைப்பின் மூலம் புரதங்களைச் சுரந்து, தான் இருக்கும் பையைச் சேதப்படுத்தும், கடைசியில் செல்லையே சிதைத்து வெளியேறும். உங்கள் கணவர் கையில் தழும்பு விட்ட பிசிஜி தடுப்பூசியில் இருப்பது, டிபி கிருமியின் வலுவிழந்த உறவுக் கிருமி; அதில் அதற்கான மரபணுப் பகுதி கிடையாது. அது ஆபத்தில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் டிபி வராமல் பிசிஜி நன்றாகக் காக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபிக்கு அதை நம்ப முடியாது. 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. ஆனால் தாமதமாக விழித்துக்கொள்கிறது. கிருமி நிணநீர்க் கணுவுக்குப் போய், டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் தயாராகித் திரும்புவதற்குச் சில வாரங்கள் ஆகிவிடும். அதற்குள் கிருமி பெருகியிருக்கும். பிறகு செல்கள் சூழ்ந்துகொண்டு கிரானுலோமா என்ற முடிச்சை உருவாக்கும். அதன் நடுப்பகுதி செத்து, உதிர்த்த பனீர் போல ஆகிவிடும். ஆக்சிஜன் குறைந்த அந்த இடத்தில் கிருமி பெருகுவதை நிறுத்தி, நம் செல்லின் கொழுப்பைத் தின்றுகொண்டு வருடக்கணக்கில் உறங்கும். தொற்று உள்ள நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த ஆபத்து 2 முதல் 3 மடங்கு. உங்கள் கணவர் விஷயத்தில் என் சந்தேகம் முதலில் சர்க்கரை மேல்தான்.

நுரையீரலில் குழி விழுவதில் பெரும் பங்கு நம் உடம்பின் அழற்சிக்குத்தான். அதனால் எதிர்ப்பு சக்தியை "ஏற்றுவது" இங்கே தீர்வாகாது. லேகியம் வேண்டாம் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அதில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும். ஏற்கெனவே ஈரலுக்குச் சுமையான மருந்துகளோடு, என்ன சேர்த்தது என்று தெரியாத பொருளும் சேரும். மாமியாரிடம் முட்டை, பருப்பு, கடலை என்று சொல்லிப் பாருங்கள், அவர் அக்கறையும் வீண்போகாது. சாப்பாட்டுச் செலவுக்கு, டிபி நோயாளிகளுக்கான மத்திய அரசின் நிக்ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லையென்றால் மாநகராட்சி டிபி மையத்தில் கேளுங்கள்.

இப்போது சளி ரிப்போர்ட்டுக்கு வருவோம். மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். "கிருமி இல்லை" என்றால் அதைவிடக் குறைவு என்றுதான் அர்த்தம். பெருகிக்கொண்டிருந்தவற்றை ஐசோனியசிட் வேகமாகக் கொன்றுவிட்டது, இருமல் நின்றதும் அதனால்தான். அமிலமான இடங்களில் இருந்தவற்றை, கூடவே சாப்பிட்ட பைரசினமைடு என்ற மருந்து இந்த 2 மாதத்தில் பார்த்துக்கொண்டது. மிச்சமிருப்பவை உறங்குபவை. அவை எப்போதாவது சற்று விழிக்கும்போது பிடிப்பது ரிஃபாம்பிசின் என்ற மருந்து. அதற்குத்தான் அடுத்த 4 மாதம்.

நிறுத்தினால் நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அதைவிடக் கெடுதல். ஒரு நுரையீரல் குழியில் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று ஐசோனியசிட்டுக்குத் தானாகவே அடங்காததாக இருக்கும், ரிஃபாம்பிசினுக்கு 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து அடங்காத ஒன்று முதலிலேயே இருப்பது மிக அரிது. மருந்துகள் ஒன்றாகவும் ஒழுங்காகவும் போகாவிட்டால், தப்பியவை பெருகி அந்த அரிதான கிருமியை உருவாக்கிவிடும்.

இனி அன்றாட விஷயங்கள். மாத்திரைகளை ஒரே நேரத்தில், முடிந்தால் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம், மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. 35–49 கிலோவுக்கு 3 மாத்திரை, 50–64 கிலோவுக்கு 4 என்று எடைக்கேற்ற கணக்கு உண்டு. எடை கூடியிருப்பதால் எண்ணிக்கையை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். ரிஃபாம்பிசின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள், இன்சுலின் தேவைப்படலாம். பாதம் மரத்துப்போகாமலிருக்க பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தருகிறார்களா என்று பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது சாதாரணம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால் அல்லது சிவப்பு, பச்சை சரியாகத் தெரியாவிட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மது கூடவே கூடாது.

மகளை இந்த வாரமே அழைத்துப் போங்கள். இருமல், காய்ச்சல், எடை, எக்ஸ்ரே பார்த்து நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு. எடைக்கேற்ப 6 மாதம் தினமும் ஐசோனியசிட், அல்லது அதையே ரிஃபாபென்டின் என்ற மருந்தோடு சேர்த்து வாரம் ஒரு முறை 12 வாரம். நோய் இருக்கும்போது இதை மட்டும் கொடுக்கக் கூடாது, அதனால் பரிசோதனை முதலில். அதே நாளில் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் 2 வருடத்துக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை கணவர் காட்டிக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.