ஏஐ சீட்டுக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்

மகளுக்கு கட்-ஆஃப் போதவில்லை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ சீட் வாங்கியே தீர வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார், இவளோ நாள் முழுக்க பொம்மை வண்டியில் மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா.

நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். பாடப்பிரிவின் பெயரில் ஏஐ இருந்துவிட்டால் வேலை வந்துவிடாது. கடனை அடைக்கப்போவது பெரியப்பாவும் அல்ல.

உறவினர் யாரும் சொல்லாத ஒரு துறை ஏஜிவி. கிடங்கிலும் தொழிற்சாலையிலும் ஓட்டுநர் இல்லாமல் சரக்கு இழுக்கும் வண்டி. 1950களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த மேக் பாரெட், சாதாரண இழுவை வண்டியைக் கம்பி வழியே தானாக ஓடவைத்தார். தரையைக் கீறிப் பதித்த கம்பியில் மாறுமின்னோட்டம் போகும். வண்டிக்கு அடியில் இடமும் வலமும் ஒவ்வொரு கம்பிச்சுருள். இரண்டிலும் சிக்னல் சமம் என்றால் வண்டி நடுவில் இருக்கிறது. ஒன்றில் கூடினால் ஸ்டியரிங் மோட்டார் அந்தப் பக்கம் திருப்பும். கான்கிரீட் இணைப்பில் தரை அசைந்து கம்பி அறுந்தால் வண்டி நின்றுவிடும்.

இப்போது கம்பிக்குப் பதில் லேசர் ஸ்கேனர் வந்துவிட்டது. ஆனாலும் பழுது பார்க்க ஆள் வேண்டும். 200 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் தேய்ந்து 198 ஆகிவிட்டால், சக்கரச் சுற்றை மட்டும் எண்ணும் வண்டி 10 மீட்டர் ஓடியதாகக் கணக்குப் போட்டு 10 செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். ஸ்கேனர் கண்ணாடியில் தூசி படிந்தால், எதிரில் ஆள் நிற்பதாக நினைத்து நகராது. இதைக் கண்டுபிடிப்பவருக்கு மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து தெரிய வேண்டும்.

மகளின் நாட்டம் உண்மையா என்று பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, கோட்டைப் பார்க்கும் ஐஆர் சென்சார் இரண்டு, மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர், கியர் மோட்டார் இரண்டு, தரையில் ஒட்டக் கறுப்பு டேப். இவற்றை வைத்து டேப் வழியே தானாக ஓடும் சிறு வண்டியைச் செய்யச் சொல்லுங்கள். மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே பேட்டரி கொடுத்தால், மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆகலாம். தனித்தனி பேட்டரி கொடுத்துவிட்டு இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பியை) சேர்க்க மறந்தால் மோட்டார் சொன்னபடி கேட்காது. ஜன்னல் வெயில் பட்டால் சென்சார் குழம்பும். ஓடாத வண்டியை ராத்திரி பத்து மணிக்கும் விடாமல் நோண்டுகிறாளா என்று பாருங்கள். அதுதான் நுழைவுத்தேர்வு.

நோண்டினால், மெக்கானிக்கலும் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ. பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் படித்திருந்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். பிறகு விருப்பப்பட்டால் பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தத்தில் ஒரு வருடம் கூடும்; அது நிலம் போவதைவிடச் சிறியது. அரசு பாலிடெக்னிக்கை முதலில் விசாரியுங்கள், கட்டணம் மிகக் குறைவு. எங்கே சேர்த்தாலும் பணம் கட்டுமுன் ஆய்வகத்துக்குள் போய், பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எத்தனை, ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தைக் காட்டத் தயங்கும் கல்லூரியில் முன்பணம் கட்டாதீர்கள்.