அலைக்கரை கேள்வி பதில்: ஸ்கிம்போர்டுக்கு எந்தக் கரை?

கேள்வி: கரையோரத்து மெல்லிய தண்ணீரில் சறுக்கும் பலகையான ஸ்கிம்போர்டை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். கலிஃபோர்னியா வீடியோக்களில் ஓடிப்போய் போர்டில் ஏறி, அலையைத் தொட்டுத் திரும்புகிறார்கள். மெரினாவில் முயன்றேன். போர்டு இரண்டடியில் நின்றுவிடுகிறது, நான் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறேன். சென்னையில் நல்ல இடம் எது?
- கல்லூரி மாணவர், பள்ளிக்கரணை

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சாக இருக்கும். 1920-களில் அந்த ஊர் உயிர்காப்பாளர்கள் மரப்பலகையில் சறுக்கிப் பழகியதில்தான் இந்த விளையாட்டே தொடங்கியது. அங்கே அலிசோ கடற்கரையில் கரை சட்டென்று இறங்கும். அலை நேரே மணல்மேல் வந்து விழும். ஓடிவருகிறவனுக்கு அலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அந்த வித்தையெல்லாம் நடக்கிறது.

மெரினாவும் சரிவுதான், அலையும் கரையிலேயே உடைகிறது. அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மெரினா மணல் பருமணல். ஏறிவந்த தண்ணீரில் பாதியை மணல் குடித்துவிடும், மீதி சரிவில் விறுவிறுவென்று இறங்கிவிடும். அடியில் தண்ணீர் இல்லாத போர்டு வெறும் பலகை. அதோடு அங்கே தண்ணீருக்குள் சில எட்டு வைத்தாலே பள்ளம், இழுப்பும் கடுமை. ஆண்டுதோறும் உயிர் போகிறது, போலீஸும் இறங்க விடுவதில்லை. மெரினாவைச் சுண்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் போங்கள். 2021-ல் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்குமான சர்வதேச ‘புளூ ஃபிளாக்’ சான்று வாங்கிய கரை, உயிர்காப்பாளர்கள் உண்டு, பக்கத்திலேயே சர்ஃபிங் பழகும் பையன்களும் இருப்பார்கள். ஆனால் ‘கோவளம்’ என்று பெயரைக் குறித்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. கரை நம் வீட்டு முற்றம் இல்லை, போன மாதம் பார்த்த மாதிரியே இருப்பதற்கு. மார்ச்சில் தட்டையாகக் கிடந்த இடம், வடகிழக்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்ததும் இடுப்பளவு வெட்டுப்பட்டு நிற்கும். மணல் திரும்பிவரச் சில மாதம் ஆகும். அதனால் இடத்தைவிட, அன்றைக்குக் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

எப்படிப் பார்ப்பது? போர்டைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு ஈர மணலில் ஓடுங்கள். குதிகால் புதைந்தால் அந்த இடம் வேண்டாம். கால் தடம் லேசாகப் பதிந்து, ‘தப் தப்’ என்று கெட்டிச் சத்தம் வந்தால் நல்ல மணல். அடுத்து, ஒரு அலை ஏறி இறங்கும்வரை குனிந்து நின்று பாருங்கள். நுரைக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் தங்கும், தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய மாதிரி. வானம் அதில் தெரியும். அந்தப் பளபளப்பு நீங்கள் நாலைந்து எட்டு ஓடும் நேரமாவது நிற்க வேண்டும். கண் இமைப்பதற்குள் மங்கி, சின்னச் சின்னக் குமிழியாக வெடித்தால் மணல் தண்ணீரைக் குடிக்கிறது என்று அர்த்தம், தள்ளிப் போய்விடுங்கள்.

எவ்வளவு தள்ளி? சில சமயம் இருபது எட்டு போதும். கரையை நீளவாக்கில் பாருங்கள், பல இடங்களில் அது கொம்பும் குழிவுமாக மாறி மாறி வளைந்திருக்கும். கொம்பில் பருமணல் சேரும், குழிவில் நைசு மணலும் தண்ணீரும் சேரும். கற்றுக்கொள்கிறவருக்குக் குழிவுதான். குழிவு ஆழமாக இருந்தால் மட்டும், தண்ணீர் நடுவில் கூடி ஒரே இழுப்பாகத் திரும்பும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் நேரம். வெளிநாட்டு வீடியோவில் ‘கடல் வற்றும்போது போ’ என்பார்கள். ஐரோப்பாவின் சில கரைகளில் கடல் வற்றினால் தண்ணீரைத் தேடி நடக்க வேண்டும், அங்கே அது பெரிய விஷயம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே ஒரு மீட்டர் சுமார்தான், அஷ்டமி வாக்கில் அதுவும் பாதியாகிவிடும். ஆனால் தட்டையான கரையில் அந்த ஒரு மீட்டரே நல்ல அகலத்துக்கு ஈர மணலைத் திறந்துவிடும். தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகு உள்ள சில மணி நேரம் சிறப்பு, மணல் நனைந்து இறுகியிருக்கும். தினமும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகும். இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையத்தின் இணையதளத்தில் ஏற்ற-வற்ற நேரம், அலை உயரம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அமாவாசையைப் பார்க்க வீட்டுத் தினசரி காலண்டரே போதும். கள்ளக்கடல் (தொலைதூரத்தில் கிளம்பிய பேரலை, இங்கே காற்றில்லாமலே கரையேறுவது) எச்சரிக்கை வந்திருந்தால் அன்றைக்குக் கடற்கரைப் பக்கமே போக வேண்டாம்.

காலையில் போங்கள். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் கலங்கிச் சொரசொரப்பாகும். ஆனால் அதிகாலை வேண்டாம். அந்த நேரத்தில் படகு கரையேறும், வலை பிரியும். நான் குப்பத்தில் வளர்ந்தவன், உடைந்த படகுப் பலகையில் சறுக்கி வலைக்குள் போய் விழுந்து வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. யாராவது பெரியவர் வலை ஆய்ந்துகொண்டிருந்தால், “அண்ணே, இங்க பள்ளம் இருக்கா?” என்று கேளுங்கள். எந்த செயலியும் சொல்லாததைச் சொல்வார்.

போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதைத் துரத்தாதீர்கள். ஓட்டத்தோடு குனிந்து, தண்ணீர்மேல் தட்டையாக விடுங்கள். கூடவே ஓடி, ஒரு காலை அடுத்து இன்னொரு கால். குதித்து ஏறினால் போர்டு முன்னே, நீங்கள் பின்னே.

கேள்வி: என் பையனுக்கு வயது 11. ஆசாரியிடம் சொல்லிப் பலகை செய்துகொடுக்கலாமா? புதுச்சேரியில் எங்கே விளையாடலாம்?
- இல்லத்தரசி, புதுச்சேரி

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. தட்டைத் தண்ணீரில் சறுக்க மரப்பலகைதான் பொருத்தம். அலைக்குள் போவதற்குத்தான் ஃபோமும் ஃபைபரும் வைத்த லேசான போர்டு. ஆசாரியிடம் மரைன் பிளை என்று சொல்லுங்கள், சாதா பிளை உப்புத் தண்ணீரில் பிரிந்துவிடும். நிறுத்திவைத்தால் பையனின் நெஞ்சு உயரம் வரட்டும். முக்கியமாக, முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைந்திருக்க வேண்டும். நேர்பலகை என்றால் மூக்கு மணலில் குத்தும், பையன் பறப்பான். ஓரத்தை வழவழவென்று உருட்டி, இரண்டு மூன்று கை வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் வழுக்காமல் இருக்க சர்ஃப் மெழுகு தேய்க்கலாம்.

இடம்தான் உங்கள் ஊரில் சிக்கல். பல ஆண்டுகள் புரொமனாடில் மணலே கிடையாது, கருங்கல்தான். 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகப் பக்கம் மணல் சேர்ந்தது. பார்க்க அழகு, ஆனால் பக்கத்திலேயே கல் இருக்கும் இடத்தில் குழந்தையை வேகமாக ஓட விட எனக்கு மனசில்லை. வடக்கே தந்திராயன்குப்பம் பக்கம் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள், இருக்கின்றன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், தடுப்பு போட்டால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியதும் மெரினா அகலமானது, திருவொற்றியூர்ப் பக்கம் கல் கொட்ட வேண்டி வந்தது, எல்லாம் இந்தக் கணக்குதான். ஆகவே தூண்டில் வளைவுக்குத் தெற்குப் பக்கத்து மணலைப் பாருங்கள். கல்லை ஒட்டி மட்டும் நிற்கவே கூடாது. அங்கே தண்ணீர் கல்லோரமாகக் கடலுக்குள் ஓடும், ஆளையும் கூட்டிக்கொண்டு போகும்.

பையனுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும். நீங்களோ அவன் அப்பாவோ கடல் பக்கம் நில்லுங்கள், கரைப் பக்கம் உட்கார்ந்து போன் பார்க்க வேண்டாம். சறுக்குவதும் கரைக்கு இணையாகத்தான், கடலை நோக்கி வேண்டாம். சங்கு, உடைந்த பாட்டில், தூண்டில் முள் எதுவும் இல்லையா என்று ஓடும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் அலையே இல்லை. ஸ்கிம்போர்டு வாங்கி என்ன பயன்?
- வாசகர், இராமேசுவரம்

பதில்: உங்களைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன்! ஒரே தீவில் இரண்டு கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குக் காற்றில் அப்படியே மாறும். அமைதியான பக்கத்தில் நைசு மணலும் கணுக்காலுக்குக் கீழே தண்ணீரும் இருந்தால் மரப்பலகைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடல்புல்லும் சேறும் இல்லாத துண்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள், புல்லில் பலகை சிக்கும். அரிச்சல்முனையில் மட்டும் வேண்டாம். இரண்டு பக்கத்து நீரோட்டமும் சேரும் இடம் அது.

கேள்வி: சர்ஃபிங் தெரிந்தால் இது சுலபமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: சமநிலை கைகொடுக்கும், ஓடி ஏறுவதைப் புதிதாகத்தான் பழக வேண்டும். சர்ஃபிங்கில் படுத்து எழுகிறோம், போர்டின் அடியில் மீனுக்கு இருப்பது போலத் துடுப்பு இருக்கிறது. இதில் துடுப்பே கிடையாது, கால் எடையை மாற்றித்தான் திருப்ப வேண்டும். சர்ஃபர்கள் முதல் நாள் நம்பிக்கையோடு வந்து பின்பக்கம் வீங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.