ஜீன்ஸ் துணியை எப்படி நெய்து சாயம் ஏற்றுகிறார்கள்? கண்டாங்கித் தறியில் அதை நெய்ய முடியுமா?

கேள்வி: ஜீன்ஸ் துணி வெளியே நீலமாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருப்பது எப்படி? அதற்கு எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள்? செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியில் அதை நெய்ய முடியுமா?

நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை. டெனிம் என்று சொல்லும் இந்த நீல ஜீன்ஸ் துணியை நெய்து முடித்த பிறகு சாயத்தில் முக்குவதில்லை. நூலாக இருக்கும்போதே, அதுவும் பாவுக்கு மட்டும், சாயம் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் கிழிந்த ஜீன்ஸ் இருந்தால் கிழிசல் ஓரத்திலிருந்து நூலை உருவிப் பாருங்கள். கால் நீளத்துக்கு ஓடுவது நீலம், குறுக்கே ஓடுவது வெள்ளை. பிறகு அந்த நீல நூலையே கத்தரியால் வெட்டி, வெட்டிய முனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் நீலம், நடுவில் வெள்ளை. துவைக்கத் துவைக்க ஜீன்ஸ் வெளுப்பதற்குக் காரணம் அந்த நடு வெள்ளைதான். ஆகவே நெசவைவிடச் சாயத்தைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் கண்டாங்கி நெய்யும் வீட்டில் பிறந்தவன். ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வடக்கே ஒரு டெனிம் ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் நூல் வாங்கியதும் அப்பத்தா செய்யும் முதல் வேலை, ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்ப்பது. கறை ஒட்டினால் அந்த நூல் சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகும். அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சேலையில் ஒரு நிறம் கசிந்தாலும் கட்டம் கெட்டுவிடும். டெனிம் ஆலையிலோ, கசிய வேண்டிய அளவுக்குக் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள். இரண்டுமே மிகுந்த கவனம் கேட்கிற வேலைகள் என்பதை இரண்டையும் கண்ணால் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, வடித்த நீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதை உலர்த்திக் கட்டியாக்குவார்கள். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் அணியும் ஜீன்ஸில் இருப்பது அநேகமாக ஆலை நீலம். 1880-இல் அடால்ஃப் வான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைச் செயற்கையாக உருவாக்கினார். 1897-இல் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மானிய வேதிப்பொருள் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செடி நீலமும் ஆலை நீலமும் ஒரே மூலக்கூறு.

அந்த மூலக்கூறு தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலில் ஏறாது. அதனால் முதலில் அதை ஒடுக்க வேண்டும், அதாவது அதன் ஆக்சிஜன் பிடியைத் தளர்த்தி எலக்ட்ரான்களைக் கொடுக்க வேண்டும். பழைய சாயக்காரர்கள் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியைப் புளிக்கவைத்து இதைச் சாதித்தார்கள். ஆலையில் காஸ்டிக் சோடாவும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் அதைச் செய்கின்றன. ஒடுங்கியதும் நீலம் மறைந்து தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும். வெள்ளை நூல் அதற்குள் போய்ப் பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் ஆக்சிஜனை ஏற்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கைத்தறி நூலுக்குப் போடும் வாட் சாயங்களும், அதாவது நீலத்தைப் போலவே ஒடுக்கிக் கரைத்து ஏற்றும் மற்றச் சாயங்களும், இதே காஸ்டிக், இதே ஹைட்ரோசல்பைட் வைத்துத்தான் ஏற்றப்படுகின்றன. வேதியியல் ஒன்றே. பலன் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது? அந்தச் சாயங்களுக்குப் பருத்தியின் மேல் ஈர்ப்பு அதிகம். சூட்டிலும் நேரத்திலும் வைத்தால் இழையின் நடுவரை இறங்கிவிடும். நீலத்துக்குப் பருத்தியின் மேல் ஈர்ப்பு குறைவு. ஒரு முறை முக்கினால் வெளிறிய நிறம்தான் கிடைக்கும். அதனால் சில விநாடிகள் முக்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் காற்றில் ஓடவிட்டு, மறுபடியும் முக்குகிறார்கள். ஆறு முதல் எட்டுத் தொட்டிகள்வரை நூல் இப்படியே போகும். ஒவ்வொரு முறையும் முந்தைய நீலத்தின் மேல் இன்னொரு படலம் ஏறுகிறது. நடுவுக்குப் போகச் சாயத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. தொட்டியின் காரத்தன்மையும் இதில் முக்கியம். பிஎச் 11-ஐ ஒட்டி இருந்தால் நீலம் மேற்பரப்பில் நிற்கும். 12-ஐத் தாண்டிவிட்டால் உள்ளே இறங்கத் தொடங்கும். பிறகு அந்த ஜீன்ஸ் அழகாக வெளுக்காது. சாயப் பிரிவில் இரவு வேலை என்றால் பாதி நேரம் இந்த எண்ணைக் காவல் காப்பதுதான்.

நூலை முக்கும் முறை இரண்டு. ஒன்றில் 350, 400 பாவு இழைகளை ஒரு கயிறாகத் திரட்டி, அப்படிப் பல கயிறுகளை ஒரே சமயத்தில் தொட்டிகளுக்குள் ஓட்டுவார்கள். பிறகு கயிற்றைப் பிரித்து, உருளையில் சுற்றி, கஞ்சி போட வேண்டும். இன்னொன்றில் பாவை விரித்தபடியே சாயமும் கஞ்சியும் தொடர்ந்து ஏற்றுவார்கள். கயிற்று முறையில் வேலை அதிகம், ஆனால் நிறம் ஒரே சீராக வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இனி நெசவு. கண்டாங்கியின் உடலில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகிறது. டெனிமில் ஊடை மூன்று பாவு இழைகளுக்குக் கீழே போய், ஒன்றுக்கு மேலே வருகிறது. அடுத்த ஊடையில் இந்த வரிசை ஓர் இழை நகர்கிறது. இந்த நகர்வினால்தான் துணியில் சாய்ந்த வரி விழுகிறது. முகத்தில் முக்கால் பங்கு பாவு தெரிவதால் அது நீலம். முதுகில் முக்கால் பங்கு ஊடை தெரிவதால் அது வெளிறியிருக்கிறது. சாய்வரி நெசவில் துணி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ள முயலும். துவைத்த பிறகு கால் தையல் முன்பக்கம் திரும்பி நிற்கும் பேண்டைப் பார்த்திருப்பீர்கள். இதைத் தடுக்க ஆலையிலேயே துணியை முன்கூட்டியே சாய்த்து இழுத்து, சுருக்கியும் விடுகிறார்கள்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரோசல்பைட் வேலையை முடித்ததும் உப்புகளாகச் சிதைந்து கழிவுநீரில் சேர்கிறது. ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊர்க்காரனுக்கு இது சிறிய விஷயமாகத் தெரியாது. இந்த வேதிப்பொருளைக் குறைத்து, மின்சாரத்தாலேயே நீலத்தை ஒடுக்கும் முறைகளும் உண்டு. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் காரைக்குடியில் வளர்ந்தவனுக்கு, இந்தத் தொழில் போக வேண்டிய வழி அதுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. புதிதாக வாங்கும்போதே பழையதுபோல் தேய்ந்திருக்கும் ஜீன்ஸையும் தவிர்க்கச் சொல்வேன். அந்தத் தேய்மானத்துக்காக மணலை வேகமாகப் பீய்ச்சியதில் துருக்கியில் தொழிலாளர்கள் நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். அங்கே 2009-இல் அதைத் தடை செய்தார்கள். அடர்நீலத்தில் வாங்கி, நீங்களே அணிந்து வெளுக்கவிடுங்கள்.

கண்டாங்கித் தறிக்கு வருவோம். நெசவு அமைப்பை மட்டும் பார்த்தால் முடியும். சாதா நெசவுக்கு இரண்டு மிதி போதும். இதற்குப் பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுகள் நான்கும், அவற்றை இயக்கும் மிதிகள் நான்கும் கட்ட வேண்டும், பாவு பிணைக்கும் வரிசையும் மாறும். சிக்கல் நூலின் கனத்தில் இருக்கிறது. கண்டாங்கிக்கு இப்போது 60, 80 நம்பர் நூல் ஓடுகிறது. டெனிமுக்கு 7 முதல் 12 நம்பர்வரை உள்ள தடித்த நூல். நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும். அந்தத் தடித்த ஊடையை நெருக்கி அடிக்க அச்சும் பலகையும் கனமாக இருக்க வேண்டும், பாவும் விறைப்பாக நிற்க வேண்டும். மெல்லிய சேலைக்காகப் பழகிய குழித்தறியில் சதுர கஜத்துக்கு 14 அவுன்ஸ் துணி எடுக்க முயன்றால் தறியும் நெசவாளரின் தோளும்தான் கெடும்.

என் யோசனை வேறு. 20 நம்பர் நூலில் பாவுக்கு நீலம் ஏற்றி, சட்டைக்கு ஆகிற மெல்லிய சாய்வரித் துணி நெய்யலாம். குஜராத்தில் கைத்தறியில் காதி டெனிம் நெய்கிறார்கள், ஆகவே இது வெறும் ஆசையாக முடிய வேண்டியதில்லை. நீல நூலைத் திண்டிவனம் அவுரியில் தாழிச் சாயமாக ஏற்றி வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்தத் தறியைக் கண்டாங்கித் தறியிலிருந்து தள்ளிப் போடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. நீலத் தூசு பறந்து வந்து மஞ்சள் பாவில் ஒட்டினால் எந்த நெசவாளரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.