ஃப்ரெண்ட் குடுக்கற கிஃப்ட் எதுவுமே ஒத்து வரலைன்னா எப்படிச் சொல்றது?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. காலேஜ் காலத்துல இருந்து கூடவே இருக்கற தோழி, பொறந்தநாளோ கொலுவோ சும்மா பார்க்க வர்றதோ, எப்ப வந்தாலும் கையில ஒரு பையோடதான் வருவாங்களாம், ஆனா உள்ள இருக்கறது ஒன்னு கூட இவங்களுக்கு ஆகாது. வீசிங் இருக்குன்னு தெரிஞ்சும் போன வருஷம் சென்ட் பாட்டில், இந்த வருஷம் வாசனை மெழுகுவர்த்தி செட். நடுவுல ஒரு டின்னர் செட் வந்துச்சு, அட்டைப்பெட்டிக்குள்ள வேற யாரோ அந்தத் தோழிக்கு எழுதின வாழ்த்துச் சீட்டு அப்படியே இருந்துச்சாம். வீட்டுக்காரர் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கறார். வர்ற தை மாசம் புது வீட்டுல பால் காய்ச்சறாங்க, "உன் ஹாலுக்கு பெருசா ஒன்னு பார்த்து வெச்சிருக்கேன்"னு தோழி இப்பவே சொல்லிட்டாங்க. அவ மனசு நோகாம இதை எப்படி நிறுத்தறதுன்னு கேக்கறாங்க.

முதல்ல உடம்பு. சென்ட், வாசனை மெழுகுவர்த்தி, ஊதுபத்தி புகை இதெல்லாம் ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு நெஜமாவே இழுப்பைக் கிளப்பி விடும், அதனால இந்த ஒன்னுல மட்டும் நாசூக்கு பார்க்காதீங்க. நல்ல நேரம் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே போன் பண்ணி "ஏய், எனக்கு வாசனை ஐட்டம் எதுவுமே ஒத்துக்கறதில்லடி, மூச்சு முட்டிடுது, இனிமே அது மட்டும் வேண்டாம்"னு சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியும்னு நீங்க எழுதியிருக்கீங்க, ஆனா உங்களுக்கு வீசிங் இருக்குன்னு தெரியறது வேற, மெழுகுவர்த்தி வாசனையும் வீசிங்கும் ஒன்னுக்கொன்னு சம்பந்தம்னு தெரியறது வேற. தெளிவா ஒரு தடவை சொன்ன பிறகும் திரும்ப சென்ட்டே வந்தா அப்ப வருத்தப்படுங்க, அதுல நியாயம் இருக்கு, அதுக்கு முன்னாடி வேண்டாம்.

மத்தப்படி உங்க தோழி ஏன் இப்படிப் பண்றாங்கன்னு யோசிச்சா, எனக்கு அக்கறை இல்லாத ஆளா அவங்க தெரியல. நம்ம ஊர்ல ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுங்கறது சின்ன வயசுலயே மண்டையில ஏறிடுது, குழந்தை இருக்கற வீடு, பெரியவங்க இருக்கற வீடுன்னா சொல்லவே வேண்டாம், பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ஆப்பிளோ பிஸ்கட்டோ ஸ்வீட்டோ வாங்காம யாரும் தெருவுக்குள்ள நுழைய மாட்டாங்க. அந்தப் பை உங்களுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கினது இல்ல, வாசப்படி ஏர்றதுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். அதனாலதான் கிளம்பற அவசரத்துல ஷெல்ஃப்ல என்ன இருக்கோ அதை எடுத்துட்டு வந்துடறாங்க, சீட்டு உள்ள இருக்கறது கூடத் தெரியாம. அவங்களுக்கும் இது ஒரு பாரமா இருக்கலாம், மாசக் கடைசியில வர்றப்ப கூட ஏதாவது தேட வேண்டியிருக்கும்ல? நீங்க அந்தக் கட்டாயத்தை எடுத்து விட்டாலே பாதி சரியாயிடும்னு நான் நம்பறேன். "என் வீட்டுக்கு வர்றதுக்கு உனக்கு எதுக்குடி பை, கைய வீசிட்டு வா, நான் காபி போடறேன்"னு சொல்லுங்க, ஒரு தடவை சொன்னா உபசாரத்துக்குச் சொல்றதா நினைப்பாங்க, ரெண்டு மூணு தடவை சொல்லணும், அதோட முக்கியமா நீங்களும் அவங்க வீட்டுக்கு ஒரு தடவை ஒன்னும் இல்லாம போய்க் காட்டணும். நீங்க பை நிறைய கொண்டு போயிட்டு அவங்கள மட்டும் வேண்டாம்னா யாரும் கேக்க மாட்டாங்க.

எப்ப பேசறதுங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பொருள் கைக்கு வர்ற நேரத்துல பேசவே கூடாது. குடுக்கறவங்க நம்ம முகத்தைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல "ஐயோ இது எதுக்கு, எங்ககிட்ட இருக்கே"ன்னு சொன்னா என்ன விளக்கம் குடுத்தாலும் அது குத்தும். அப்ப தேங்க்ஸ் சொல்லி வாங்கி வெச்சுடுங்க, ஆனா "சூப்பர், எனக்கு ரொம்பப் பிடிச்ச கலர்"னு பொய்யா தூக்கி வைக்காதீங்க, அந்தப் பொய்தான் அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொன்னா வந்து நிக்கும். நன்றி அவங்க வந்ததுக்குச் சொல்லுங்க, பொருளைப் பாராட்ட வேண்டாம். பேச வேண்டியது அடுத்த விசேஷத்துக்கு முன்னாடி, ஒரு சாதாரண நாள்ல, வேற பேச்சுக்கு நடுவுல. அப்பவும் பழசைக் கிளறாம வரப்போறதை மட்டும் பேசணும்.

உங்களுக்கு தை வரைக்கும் டைம் இருக்கு, ஆனா அவங்க "பார்த்து வெச்சிருக்கேன்"னுதான் சொல்லியிருக்காங்க, வாங்கிட்டேன்னு சொல்லல, அதனால இந்த வாரமே பேசிடறது நல்லது. பத்திரிகையில "அன்பளிப்பைத் தவிர்க்கவும்"னு போட்டா போதுமேன்னு சிலர் சொல்வாங்க, அது சொந்தக்காரங்களுக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் சரி, நெருங்கின தோழி "அது மத்தவங்களுக்கு, எனக்கு இல்ல"ன்னுதான் எடுத்துக்குவா. அவங்களுக்கு வேண்டாம்னு சொல்றதை விட இது வேணும்னு சொல்றதுதான் வேலை செய்யும். "ஹாலுக்கு கண்ணாடி ஐட்டம் எதுவும் வாங்கிடாத, வீட்டைக் கொஞ்சம் காலியாவே வெச்சுக்கலாம்னு இருக்கோம். உனக்கு செய்யணும்னு ஆசை இருந்தா பூஜை ரூமுக்கு ஒரு காமாட்சி விளக்கு சின்னதா வாங்கிக் குடு, தினமும் ஏத்தறப்ப உன்ன நினைச்சுக்குவேன்"னு கேளுங்க. கொலு வைக்கறவங்களா இருந்தா வருஷத்துக்கு ஒரே ஒரு சின்ன மண் பொம்மைன்னு சொல்லிடலாம், மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரியில செய்யற மாதிரி பொம்மைங்க எல்லா விலையிலயும் கிடைக்குது. இப்படிக் கேக்கறது பிச்சை எடுக்கற மாதிரின்னு கூச்சப்படாதீங்க. விலை கூடினா வாங்கறவங்களுக்கு சந்தோஷமும் கூடும்னு குடுக்கறவங்கதான் நினைக்கறாங்க, வாங்கறவங்க மனசுல விலை அப்படி ஒன்னும் கணக்குல வர்றதில்லன்னு ஃபிளின், ஆடம்ஸ்னு ரெண்டு பேர் 2009ல ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. தோழியைப் பெருசா செலவு பண்ண விடாம சின்னதா, உபயோகமா ஒன்னைக் கேட்டு வாங்கினா ரெண்டு பேருக்கும் நல்லது.

அந்த வாழ்த்துச் சீட்டு விஷயத்தை விட்டுடுங்க. அவங்ககிட்ட காட்டவும் வேண்டாம், பொது தோழிகள்கிட்ட சொல்லவும் வேண்டாம், சிரிச்சுட்டே சொன்னாலும் அது அவங்க காதுக்குப் போய்ச் சேரும், அப்புறம் அந்த அவமானம் ஆறாது. நவராத்திரிக்கு வர்ற ரவிக்கைத் துணி எத்தனை வீடு சுத்துதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல, டின்னர் செட்டையும் அப்படியே நினைங்க.

வீட்டுல சேர்ந்து கிடக்கறதுக்கு வர்றேன். வீட்டுக்காரர் சொல்ற மாதிரி குப்பையில போடாதீங்க. மேல சொன்ன அதே ஆடம்ஸும் ஃபிளினும், நார்ட்டன்னு இன்னொருத்தரோட சேர்ந்து 2012ல எழுதினதுல ஒன்னு எனக்கு ரொம்ப உபயோகமா பட்டது. பரிசை வேற யாருக்காவது குடுக்கறதும் தூக்கிப் போடறதும் குடுத்தவங்கள ஒரே அளவு புண்படுத்தும்னு வாங்கினவங்க பயப்படறாங்க, ஆனா குடுத்தவங்களுக்கு தூக்கிப் போடறதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு, கைமாத்தி விடறதை அவங்க அவ்வளவு பெருசா எடுத்துக்கறதில்ல. அதனால தைரியமா யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் குடுங்க. பழைய எவர்சில்வர் பாத்திரத்துல குடுத்தவங்க பேரும் தேதியும் வெட்டியிருக்கும், அந்த மாதிரி பேர் வெட்டினதை மட்டும் கைமாத்தாதீங்க, வீட்டுலயே புழங்குங்க. மத்ததுல கவரைப் பிரிச்சு உள்ள சீட்டு, ஸ்டிக்கர் எதுவும் இல்லையான்னு பார்த்து, சென்ட் மாதிரி தேதி போட்ட பொருளா இருந்தா தேதியையும் பார்த்துட்டு, உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான கூட்டத்துக்குள்ள இல்லாம வெளிய குடுங்க. யாரு குடுத்ததுன்னு அடியில பென்சில்ல ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டி வெச்சுட்டா அவங்க பொருள் அவங்களுக்கே திரும்பிப் போகாது, குடுக்கறப்ப மறக்காம அதைக் கிழிச்சுடுங்க. டின்னர் செட்டை புதுசா குடித்தனம் போடற பொண்ணு யாராவது இருந்தா அவங்களுக்குக் குடுக்கலாம், துணிமணின்னா கூஞ்ச் மாதிரி அமைப்புங்க வாங்கிக்கறாங்க, திருநெல்வேலியில மாவட்ட நிர்வாகமே அன்புச் சுவர்னு ஒன்னு வெச்சு வேண்டாததை வெச்சுட்டுப் போங்க, வேணுங்கறவங்க எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க, உங்க ஊர்ப் பக்கமும் அப்படி ஏதாவது இருக்கான்னு விசாரிங்க.

வீட்டுக்கு வந்து "நான் குடுத்தது எங்கடி?"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் உங்களுக்கு உள்ளுக்குள்ள பயம், இல்லையா? பரண்ல இருக்கு, அம்மா வீட்டுல இருக்குன்னு கதை கட்டாதீங்க, அடுத்த தடவை வேற கதை சொல்ல வேண்டி வரும். "அது எனக்கு உபயோகப்படலடி, எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு ரொம்ப தேவைப்பட்டுச்சு, குடுத்துட்டேன், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்"னு நடந்ததைச் சொல்லிட்டு, "விளக்கு எப்ப வாங்கித் தர்ற?"ன்னு பேச்சை அந்தப் பக்கம் கொண்டு போங்க. ஒரு நிமிஷம் முகம் மாறும், மாறட்டும், இத்தனை வருஷப் பழக்கம் அதைத் தாங்கும்.